அட்டையில் செய்த கடைத்தெரு

நாங்கள் இருந்த பட்டினத்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. வன்னியில், கண்டி வீதியும் ரயில் பாதையும் பக்கத்துப் பக்கத்தில் ஓடுகிற இடங்களில் அதுவும் ஒன்று. ஒரு குளம், குளத்தங்கரையில் ஒரு கடைத்தெரு, ஒரு ஆஸ்பத்திரி, ஒரு பள்ளிக்கூடம். அறுபதுகளில் அங்கே இருந்தவர்களுக்கு இவ்வளவும் சொன்னால் போதும். மற்றவர்களுக்குப் பெயர் தெரிந்தும் ஆகப்போவது ஒன்றுமில்லை.

எனக்கு அந்தப் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படிப்பிக்கிற வேலை கிடைத்ததால்தான் நாங்கள் அங்கே போனோம். என் கணவர் யாழ்ப்பாணத்தில் தன் மாமாவின் பேக்கரியில் பாண் போடப் பழகியவர். மனைவியின் உத்தியோகத்துக்குப் பின்னால் புருஷன் போகிறான் என்று ஊரில் ஒரு கதை எழும்பியது. இவர் "அங்கை பேக்கரி இல்லையாம், நானும் வாறன்" என்று மட்டும் சொன்னார். அவர் பேச்சே அவ்வளவுதான். ஒரு நாளில் அவர் பேசுகிற வசனங்களை என் பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்று ஒரு மூச்சில் ஒப்புவித்துவிடும்.

கடைத்தெரு வீதியின் இரண்டு பக்கமும் இருந்தது. குளத்துப் பக்க வரிசையில் எங்கள் பேக்கரி. அந்த வரிசைக் கடைகள் எல்லாம் முகத்தை வீதிக்கும் முதுகைக் குளத்துக்கும் காட்டிக்கொண்டு நின்றன. முதுகு என்றால் வெறும் முதுகு அல்ல. பாண் சுடுகிற போறணையின் சாம்பல், தேத்தண்ணிக் கடையின் தேயிலைக் கழிவு, உடைந்த பெட்டிகள், தகரத்தால் மறைத்த கக்கூசுகள், எல்லாம் குளத்துப் பக்கம்தான். எங்கள் பின்கதவுக்குக் குறுக்கே இவர் ஒரு பலகையை அடித்து வைத்திருந்தார். மாரியில் வாடைக்காற்று அந்தப் பக்கத்தால்தான் மழையைக் கொண்டுவந்து மா மூட்டைகளில் அடிக்கும்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. கலியாணமான முதல் வருடங்களில் அது பெரிய கவலையாக இருந்தது. பிறகு இரண்டு பேரும் அதைப் பேசாமல் விடப் பழகிக்கொண்டோம். போறணையை இவர் மேசனோடு சேர்ந்து நின்று தன் கையாலேயே கட்டியவர். யாராவது வீட்டுக்கு வந்தால் மற்றவர்கள் பிள்ளையைக் கூப்பிட்டுக் காட்டுகிற மாதிரி, இவர் கடைக்கு வருகிறவர்களுக்குப் போறணையின் வாயைத் திறந்து காட்டுவார்.

கொழும்பிலிருந்து மாணவர்கள் வந்த வருடம் அந்தப் போறணையின் வளைவில் ஒரு வெடிப்பு விட்டிருந்தது.

அது ஓகஸ்ட் விடுமுறை. பட்டின சபைச் சேர்மன் ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார். அவர் கைராசியுள்ள மனிதர் என்று பெயர் எடுத்தவர். சிரிப்பும் சால்வையுமாக இருப்பார்.

"ரீச்சர், கொழும்பிலையிருந்து கட்டடக்கலை படிக்கிற பிள்ளையள் வருகினம். எங்கடை கடைத்தெருவை எப்பிடித் திருத்தலாம் எண்டு படம் கீறப் போகினம். அவைக்குத் தமிழ் வராது. எங்கடை ஆக்களுக்கு இங்கிலீஷ் வராது. நீங்கள்தான் நடுவிலை நிக்கோணும்" என்றார்.

காலை ரயிலில் ஐந்து பேர் வந்து இறங்கினார்கள். நான்கு பையன்கள், ஒரு பெண். எல்லாரும் சிங்களப் பிள்ளைகள். நல்ல வீட்டுப் பிள்ளைகள் என்பது காலில் போட்டிருந்த சப்பாத்தில் தெரிந்தது. பள்ளிக்கூடத்து வகுப்பறை ஒன்றில் பிள்ளைகள் இருக்கிற வாங்குகளைச் சேர்த்துப்போட்டுப் படுத்தார்கள். எல்லாரையும் இங்கே சொல்லத் தேவையில்லை. இரண்டு பேரைச் சொன்னால் போதும். ஒருவன் நெட்டையன். எந்தக் கடை வாசலிலும் தலையைக் குனிந்துதான் நுழைவான். அவன்தான் அவர்களுக்குத் தலைவன். மற்றது அந்தப் பெண். முழங்கால் வரை கவுண் போட்டு, கையில் எப்போதும் ஒரு மட்டையும் பென்சிலும் வைத்திருப்பாள். முதல் நாள் அவளைப் பார்க்கவே கடைத்தெரு கூடிவிட்டது. அவள் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

அவர்கள் எல்லாவற்றையும் அளந்தார்கள். வாசல், கூரை, மழைத்தண்ணீர் ஓடுகிற கான், லாம்புக் கம்பத்துக்கும் கிணற்றுக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்பதைக்கூட. அளவு நாடாவைக் கண்டதும் சனத்துக்குப் பயம் பிடித்தது. எங்களுக்குப் பக்கத்துக் கடை தையற்கடை. அந்தக் கடைக்காரர் வயதில் மூத்தவர், என் கணவருக்கு இருந்த ஒரே சிநேகிதர். அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ரீச்சர், உள்ளதைச் சொல்லுங்கோ. காணி பிடிக்க வந்தவங்களோ?"

"இல்லை அண்ணை. படிக்கிற பிள்ளையள். படம் கீற வந்தவை."

"படம் கீறுறதுக்கு ஏன் நாடா?"

அதை நெட்டையனிடம் கேட்டேன். அளக்காமல் கீறினால் அது கனவு, அளந்து கீறினால் அது திட்டம் என்றான். நான் அதை அப்படியே தமிழில் சொன்னேன். தையற்கடைக்காரர் சிரித்தார். "நானும் அளந்துதான் வெட்டுறன். ஆனால் துணி எங்கையெண்டு முதலே கேட்டிடுவன்" என்றார். நெட்டையன் அவர் என்ன சொன்னார் என்று ஆவலாகக் கேட்டான். சொன்னேன். அவனும் சிரித்தான்.

எங்கள் பேக்கரிக்கு எல்லாரும் வந்த அன்று நெட்டையன் உள்ளே சுற்றிப் பார்த்துவிட்டு, பலகை அடித்த பின்கதவுக்கு முன்னால் போய் நின்றான். இதைத் திறக்கலாமா என்றான். இவர் ஆணி கழற்றுகிற சுத்தியலை எடுத்துவந்து பலகையைக் கழற்றினார்.

கோடை என்பதால் குளம் பாதிக்கு வற்றியிருந்தது. வற்றிய பக்கத்தில் புல் முளைத்து, எருமைகள் மேய்ந்தன. தண்ணீர் நின்ற பக்கத்தில் தாமரை. அணைக்கட்டில் வரிசையாக மருதமரங்கள். அந்தப் பிள்ளைகள் ஐந்து பேரும் சாம்பல் மேட்டில் ஏறி நின்று பார்த்தார்கள். பிறகு நெட்டையன் திரும்பி, "இவ்வளவு அழகான ஒன்றுக்கு நீங்கள் எல்லாரும் ஏன் முதுகைக் காட்டிக்கொண்டு இருக்கிறீர்கள்?" என்றான்.

நான் தமிழில் சொன்னேன்.

"குளத்தைப் பாத்துக்கொண்டிருந்தால் பாண் வேகாது" என்றார் இவர்.

ஆனால் அன்றைக்கு அவர் பலகையைத் திருப்பி அடிக்கவில்லை. கதவு திறந்தபடியே கிடந்தது. பின்னேரம் அந்தப் பெண் தனியாக வந்து, எங்கள் கதிரை ஒன்றை வெளியே போட்டுக்கொண்டு கீறினாள். நான் பக்கத்தில் நின்றேன். இவர் மா குழைத்துக்கொண்டு நின்றார். அவள் தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்: "புதுக் கடையில் உங்கள் போறணை எங்கே இருக்கவேண்டும்?"

நான் அதைத் தமிழில் சொன்னேன். இவருக்கு முதலில் கேள்வி விளங்கவில்லை.

"எங்கை இருக்கோணுமோ? அது இருக்கிற இடத்திலை இருக்குது."

"இல்லை. புதிசாக் கட்டினால். உங்கடை விருப்பம் என்ன எண்டு கேக்கிறா."

இவர் கையில் ஒட்டியிருந்த மாவை மா வெட்டுகிற கத்தியால் சுரண்டினார். நெடுநேரம் சுரண்டினார். பிறகு வந்து அவளுக்குப் பக்கத்தில் குந்தி இருந்து, நிலத்தில் விறகுக் குச்சியால் கீறத் தொடங்கினார். போறணை இதிலை, புகைபோக்கி வடக்குப் பக்கம். விறகு வந்து இறங்கிறது இந்தப் பக்கம், வீதியிலை இல்லை. மா வைக்கிற அறை உயரமாய், காத்துப் படுகிற மாதிரி. சனம் வந்து நிக்கிறதுக்கு ஒரு தாழ்வாரம். "பாண் வெந்து வாற நேரத்திலை சனம் வெயிலுக்கை நிக்குது. பிள்ளைத்தாச்சியளும் நிக்கினம். எனக்கு அது ஒரு மாதிரி." இரண்டு மேசை போட்டால் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் இருந்து தேத்தண்ணியும் பணிசும் சாப்பிடலாம். வளைந்த யன்னல் நல்லது, போறணை வாயைப் போல.

கலியாணமாகி அவ்வளவு காலமும் அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. நான் ஒவ்வொன்றாக இங்கிலீஷில் சொல்லிக்கொண்டு போனேன். இவருக்கு இதெல்லாம் மனதில் இருந்ததா? எப்போதிருந்து இருந்தது? யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்தப் பெண் என்னிடமும் கேட்டாள். உங்களுக்கு என்ன வேண்டும் ரீச்சர்? நான் ஒன்றும் வேண்டாம் என்றேன். அவள் விடவில்லை. யோசித்துவிட்டுச் சொன்னேன்: குளத்தடியில், ஒரு பெண் தனியாகப் போய் இருந்தாலும் ஏன் இங்கே இருக்கிறாய் என்று யாரும் கேட்காத ஓர் இடம். அவள் தலையாட்டிவிட்டு, ஒரு மருதமரத்தைக் கீறி, அதற்குக் கீழே ஒரு வாங்கைக் கீறினாள்.

அவர்கள் போன பிறகு இவர் நிறைய மாறினார். வெளியே யாருக்கும் தெரிந்திருக்காது. பின்பக்கத்துச் சாம்பலை அள்ளி ஓரமாக்கினார். பின்னேரங்களில் பின்படியில் இருந்து ஒரு சுருட்டுப் பற்றினார். குளத்தைப் பார்ப்பாரா, அந்தப் புதுக் கடையைப் பார்ப்பாரா என்று நான் கேட்கவில்லை.

புரட்டாசித் தொடக்கத்தில் அவர்கள் திரும்பி வந்தார்கள். இந்த முறை அவர்களுடைய விரிவுரையாளரும் கூட வந்தார். ரயிலில் பெரிய மரப்பெட்டி ஒன்று. அதற்குள்ளே எங்கள் கடைத்தெரு. பள்ளிக்கூட மண்டபத்தில் இரண்டு மேசையைச் சேர்த்து அதை வைத்தார்கள். அட்டையில் வெட்டி ஒட்டிய சின்னச் சின்னக் கடைகள், எல்லாம் குளத்தைப் பார்த்தபடி. குளம் நீலக் கண்ணாடி. மரங்களுக்குக் கடற்பாசியைக் காய வைத்துச் சாயம் போட்டிருந்தார்கள். நாலு திசையிலிருந்தும் சனம் வந்தது. கண்டாவளைப் பக்கத்திலிருந்து வண்டில் கட்டிக்கொண்டு வந்த வயல்காரர்கள்கூட நின்றார்கள். ஒவ்வொருவரும் தன் கடையைத் தேடினார்கள். "உந்தா நான்! உந்தா நான்!" என்று சத்தம்.

இவர் எல்லாரும் மேசையை விட்டு விலகும் வரை காத்திருந்து கடைசியாகக் கிட்டப் போனார். எங்கள் பேக்கரி பெருவிரல் அளவு இருந்தது. தாழ்வாரம் இருந்தது. வளைந்த யன்னல் இருந்தது. புகைபோக்கியில் கொஞ்சம் பஞ்சை ஒட்டி, புகை என்று வைத்திருந்தாள் அந்தப் பெண். இவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். தொடவில்லை.

நெட்டையன் சுவரில் மாட்டிய படங்களை ஒவ்வொன்றாக விளங்கப்படுத்தினான். இப்போதிருக்கிற வரிசை புள்ளிக்கோட்டில் இருந்தது. புள்ளிக்கோடு என்றால் எடுக்கப்படுவது. அதற்குப் பின்னால் புது வரிசை, கரிய கோட்டில். அவன் சொன்னதை நான் தமிழில் சொன்னேன். இங்கே சந்தை வரலாம். இங்கே படிக்கட்டு வரலாம். இங்கே பிள்ளைகள் விளையாடலாம். நான் 'வரலாம்' என்றுதான் சொன்னேன். அதை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கேட்டவர்கள் அதை 'வரும்' என்று எடுத்துக்கொண்டார்கள். பிறகு சேர்மன் எழும்பினார். இந்தப் பட்டினம் குளத்தின் முகம் பார்க்கும் நாள் வந்துவிட்டது என்றார். மண்டபம் கைதட்டியது. தையற்கடைக்காரர் தட்டவில்லை. இவர் தட்டினார்.

சனம் கலைந்த பிறகு நான் நெட்டையனிடம் கேட்டேன். "எப்போது தொடங்குவார்கள்?"

அவன் முகம் சிவந்தது. "ரீச்சர், இது எங்கள் பரீட்சை. இதற்கு எங்களுக்குப் புள்ளி போடுவார்கள். சேர்மன் விரும்பினால் மேலிடத்துக்கு அனுப்பலாம். அது எங்கள் கையில் இல்லை. நான் அதை முதலிலேயே அவரிடம் சொன்னேன்."

அவன் பொய் சொல்லுகிறவன் அல்ல. அன்று வீட்டுக்குப் போகிற வழியில் இவரிடம் சொன்னேன்.

"இஞ்சாருங்கோ, அது அவையின்ரை சோதினைக்குச் செய்ததாம். கட்டுறதெண்டு ஒருத்தரும் முடிவெடுக்கேல்லையாம்."

"சோதினைக்கெண்டாலும் அளந்துதானே செய்தவை" என்றார்.

"அளந்தால் வந்திடுமே?"

"சேர்மன் சொன்னவர்தானே. நீரும் நிண்டு கேட்டனீர்தானே."

அவருக்கு அன்றைக்கு நடையே வேறு மாதிரி இருந்தது.

மழைக்கு முன்னால் போறணையைப் பார்க்க மேசன் வந்தார். வெடிப்புக்குள் விரலை விட்டுப் பார்த்தார். "உது இந்த மாரிக்கு நிக்காது அண்ணை. இறக்கிப்போட்டுத் திருப்பிக் கட்டோணும். இப்பவே தொடங்கினால் மழைக்கு முன்னம் காயும்" என்றார். இவர் போறணையின் வாயை மூடிவிட்டுத் திரும்பினார். "இப்ப இங்கை கட்டி என்ன செய்யிறது? இந்த வரிசையே எழும்பப் போகுது. கட்டினால் ஒரேயடியா அங்கை கட்டுவம். நீங்கள் வெடிப்பை மட்டும் பூசிவிடுங்கோ."

அதே கிழமையில் தையற்கடைக்காரரும் வந்தார். ஸ்ரேசனுக்குப் பக்கத்தில் ஒரு காணி விலைக்கு வந்திருக்கிறது, பாதியைத் தான் எடுக்கப்போகிறேன், மற்றப் பாதியை நீ எடு என்றார்.

"தம்பி, குளத்தடி அரசாங்கக் காணி. இண்டைக்கு இருக்கலாம், நாளைக்கு எழும்பு எண்டுவாங்கள். ஸ்ரேசனடியிலை உறுதி எழுதி வாங்கிற காணி. வா, பக்கத்திலை பக்கத்திலை இருப்பம்."

"அங்கை குளம் இல்லையே" என்றார் இவர்.

தையற்கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் இவரைப் பார்த்தேன். குளம் வேண்டுமென்று இவர் இதற்கு முன் ஒருநாளும் சொன்னதில்லை. "நானும் சொல்லிப் பாக்கிறன் அண்ணை" என்று வாசல்வரை போய் மெதுவாகச் சொன்னேன். சொல்லியும் பார்த்தேன். சாப்பிடும்போது சொன்னேன், விறகு அடுக்கும்போது சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் சண்டையாவது பிடித்திருக்கலாம். "கொஞ்சம் பொறும்" என்பதே பதில். அந்தக் காணியின் மற்றப் பாதியை ஒரு நெல் வியாபாரி வாங்கினார்.

மாரி அந்த வருடம் சீக்கிரமாகவே பிடித்தது. குளம் நிரம்பி, தண்ணீர் எங்கள் பின்படி வரை வந்து நின்றது. சுவர்கள் ஈரம் ஊறின. பூசிய வெடிப்பு மறுபடி வாய் திறந்தது. சூடு அதற்குள்ளால் போய்விடும். பாண் மேலே கருகி உள்ளே களியாக வந்தது. வாங்கிய சனம் முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்லாது. அடுத்த நாள் வராது. ஆஸ்பத்திரியிலிருந்து ஒருநாள் கூடையோடு பாணைத் திருப்பி அனுப்பினார்கள். நோயாளிகளுக்கு வயிற்றைக் கெடுக்கும் என்றார்களாம். இவர் அந்தக் கூடையை இறக்கி வைத்து, ஒவ்வொரு பாணாக எடுத்து நடுவில் பிய்த்து மணந்து பார்த்தார். பிறகு எல்லாவற்றையும் குளத்தில் மீனுக்குப் போட்டார்.

ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு மத்தியானம் வருகிறேன், பேக்கரிக்கு முன்னால் சனம் நிற்கிறது. போறணையின் வளைவு இடிந்து இறங்கிவிட்டது. உள்ளே ஆள் இல்லாத நேரத்தில் விழுந்ததால் உயிர்ச்சேதம் இல்லை என்று எல்லாரும் என்னிடம் வந்து சொன்னார்கள். இவர் செங்கல் குவியலுக்கு முன்னால் மா மூட்டை ஒன்றின்மேல் இருந்தார். தலைமயிரெல்லாம் சாம்பல். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"கல்லு பழுதில்லை" என்றார். "திருப்பிப் பாவிக்கலாம்."

பிறகு ஒரு எண்ணெய்ப் பீப்பாவை வெட்டி, களிமண் பூசி, சின்ன அடுப்பு ஒன்று செய்தார். அதில் வெந்த பாண் ஒரு வீதிக்குக்கூடக் காணாது. ஆஸ்பத்திரிக்கு வவுனியாவிலிருந்து வேன் ஒன்று பாண் கொண்டுவரத் தொடங்கியது. அந்த வேன் எங்கள் கடைக்கு முன்னாலும் நின்று விற்றது. இவர் கல்லுகளைக் கழுவி, வெயில் வந்த நாட்களில் காய வைத்து, பின்பக்கம் ஒழுங்காக அடுக்கினார். புதுப் போறணைக்கு.

அந்தச் சேர்மன் அடுத்த தேர்தலில் தோற்றுப்போனார். அட்டைக் கடைத்தெருவை மாணவர்கள் கொழும்புக்குக் கொண்டுபோய்விட்டார்கள். படங்கள் மட்டும் சபைக் கந்தோர்ச் சுவரில் இருந்தன. புதுச் சேர்மன் வந்து ஒரு வருடம் ஆகவில்லை, குளத்துக்குப் பொறுப்பான திணைக்களத்திலிருந்து ஆட்கள் வந்து அளந்தார்கள். மறுபடி நாடா. இந்த முறை சனம் பயப்படவில்லை. "தொடங்கப் போறாங்கள்" என்று தேத்தண்ணிக் கடையில் பேச்சு. இவர் அன்றைக்குச் சவரம் செய்து வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு கடையில் நின்றார்.

அவர்கள் சொன்னது வேறு. குளத்து ஒதுக்குக் காணியில் இருக்கிற இந்த வரிசை முழுவதும் எழும்பவேண்டும். நாங்கள் கடைக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து பொறுப்பான உத்தியோகத்தரிடம் போனோம். இங்கிலீஷில் பேச என்னை முன்னால் விட்டார்கள். எழும்பினால் எங்களுக்குப் புது வரிசை எப்போது கிடைக்கும் என்று கேட்டேன். அவர் மரியாதையான மனிதர். எனக்கு ஒரு கதிரை போடச் சொன்னார்.

"புது வரிசை கட்டுகிற வேலை எங்களுடையது அல்ல. குளத்துக் கரையைச் சுத்தமாக்குவது மட்டும்தான் எங்கள் வேலை. இந்த வரிசை எடுபடவேண்டும் என்று உங்கள் திட்டத்திலேயே இருக்கிறது. நீங்கள் எல்லாரும் கைதட்டி வரவேற்றதாகச் சொன்னார்களே" என்றார்.

அவர் பரிகசித்துச் சொல்லவில்லை. அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது. புள்ளிக்கோடு எங்களுக்கு எல்லாருக்கும் காட்டப்பட்டதுதான். யாரும் எதையும் மறைக்கவில்லை. புள்ளிக்கோட்டுக்கு ஒரு காரியாலயம் இருந்தது, கரிய கோட்டுக்கு இல்லை. அவ்வளவுதான்.

கடைகளை அவரவரே பிரித்துக்கொள்ளலாம், ஓடும் மரமும் அவரவருக்கு என்று சொன்னார்கள். தையற்கடைக்காரர் ஏற்கனவே ஸ்ரேசனடிக்குப் போய்விட்டிருந்தார். இருந்தும் வந்து இவரோடு நின்று ஓடு இறக்கினார். நான் சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சுவரை இவர் அலவாங்கால் தானே இடித்தார். பின்பக்கம் அடுக்கி வைத்திருந்த போறணைக் கல்லுகளை, வீட்டில் வைக்க இடமில்லாததால், பள்ளிக்கூடத்துக் கிணற்றுக்குக் கட்டுக் கட்டக் கொடுத்தோம்.

முழு வரிசையும் விழுந்த பிறகு ஒரு விஷயம் நடந்தது. வீதியில் நின்றால் குளம் தெரிந்தது. சைக்கிளில் போனவர்கள் காலை ஊன்றி நின்று பார்த்தார்கள். பஸ்ஸில் போனவர்கள் யன்னலால் எட்டிப் பார்த்தார்கள். பின்னேர வெயில் தாமரை இலைகளில் பட்டு, வீதி வரைக்கும் ஒரு வெளிச்சம் வந்தது. அந்தப் பிள்ளைகள் சொன்னது உண்மைதான். அழகாகத்தான் இருந்தது. நான் பள்ளிக்கூடத்தால் வரும்போது அதைப் பார்க்காமல் மற்றப் பக்கத்தால் நடந்தேன்.

அந்த அழகும் நிற்கவில்லை. வெறும் காணியைக் கண்டு லொறிக்காரர்கள் வந்து நிறுத்தத் தொடங்கினார்கள். எண்ணெய் ஊற்றி நிலம் கறுத்தது. சந்தைக் குப்பையையும் அங்கேயே கொட்டினார்கள். அடுத்த மாரியில் லொறிகளுக்குப் பின்னால் குளம் இருக்கிறது என்பது ஊர்க்காரருக்கு மட்டும் தெரிந்த விஷயமாகிவிட்டது.

இவர் கொஞ்சக் காலம் வீட்டில் இருந்தார். பிறகு தையற்கடைக்காரர் வந்து தன் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே இவர் சட்டைகளுக்குத் தெறி தைத்தார். பாண் குழைத்த கைக்கு ஊசி பிடிபடாது. விரலெல்லாம் குத்தி வைத்துக்கொண்டு வருவார். சம்பளம் வாங்கக் கூச்சம், வேலை செய்யாமல் இருக்கவும் கூச்சம். பேச்சு முன்னையைவிடக் குறைந்தது. வேனில் வந்த பாணை நான் வாங்கி வந்தால் சாப்பிடுவார். நல்லதென்றோ கெட்டதென்றோ சொல்லமாட்டார்.

அறுபதுகள் முடிகிற சமயம் ஒருநாள் பள்ளிக்கூட வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது. தலையைக் குனிந்துகொண்டு ஒருவர் இறங்கினார். நெட்டையன். மீசை விட்டிருந்தான், கொஞ்சம் உடம்பும் வைத்திருந்தான். ஏதோ ஒரு திணைக்களத்தில் வேலை, வீதி வழியே போகும்போது என்னை விசாரித்து வந்ததாகச் சொன்னான். கடைத்தெருவைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறான் என்பது அவன் முகத்தில் தெரிந்தது. நான் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

இவருக்கு ஆளைக் கண்டதும் அடையாளம் தெரிந்துவிட்டது. எழும்பி, தன் கதிரையைத் தோளில் கிடந்த துவாயால் துடைத்துப் போட்டார். "தம்பி, இருங்கோ, இருங்கோ. இஞ்சாரும், தேத்தண்ணி போடும்." அவ்வளவு உற்சாகத்தை நான் வருடக்கணக்கில் பார்த்ததில்லை.

நான் குசினியிலிருந்தபடி கேட்டேன். இப்போது என்ன கட்டுகிறீர்கள்? அவன் சிரித்தான். சிரிப்பில் ஒன்றும் இருக்கவில்லை.

"நான் கட்டுவதில்லை ரீச்சர். உத்தியோகத்தர்களுக்கு வீடு, தானியம் வைக்கிற களஞ்சியம், கக்கூசு வரிசை. எல்லாவற்றுக்கும் ஏற்கனவே கீறி வைத்த படம் இருக்கிறது. எந்த ஊரானாலும் அதே படம். நான் ஊரின் பெயரை மட்டும் மாற்றுகிறேன்."

அந்தப் பெண்ணைக் கேட்டேன். கலியாணம் முடித்து வெளிநாட்டுக்குப் போய்விட்டாளாம். அங்கே கீறுகிறாளா என்று தெரியாது என்றான். அட்டைக் கடைத்தெருவைக் கேட்டேன். புள்ளி போட்டு முடிந்ததும் கொஞ்ச நாள் ஒரு மூலையில் கிடந்ததாம். அடுத்த வருடத்து மாணவர்களுக்கு மேசை தேவைப்பட்டபோது எறிந்துவிட்டார்களாம். "நல்ல புள்ளி கிடைத்தது" என்றான். சொன்ன பிறகு, சொல்லியிருக்கக்கூடாது என்று நினைத்தவன் போலத் தேத்தண்ணியைக் குடித்தான்.

இவர் எங்கள் இருவரின் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் சொன்னார்: "தம்பியிட்டைக் கேளும். அந்தத் திட்டம் இனி எப்ப வருமாம்?"

கேள்வியை மொழிபெயர்க்கத் தேவை இருக்கவில்லை. இவர் முகத்தைப் பார்த்தே அவனுக்கு விளங்கிவிட்டது. கோப்பையைக் கீழே வைத்துவிட்டுத் தன் சப்பாத்தைப் பார்த்தான். மெல்லிய குரலில், "அவரிடம் சொல்லுங்கள் ரீச்சர், அது வராது" என்றான்.

"வராதாம்" என்றேன்.

"ஓம்" என்றார் இவர். தலையை ஆட்டினார். நான் அதோடு முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் அவர் கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டார். "அதிலை ஒரு பிழை இருந்தது. நான்தான் சொன்னனான், பிழை என்ரை. புகைபோக்கியை வடக்குப் பக்கம் வைச்சால் வாடைக்காத்து புகையை உள்ளுக்கு அடிக்கும். தெற்கை வைக்கோணும். தம்பிக்குச் சொல்லும்."

நான் சொன்னேன். ஜீப்பில் வந்த நெட்டையன் என் வீட்டுக் கதிரையில் கூனி இருந்துகொண்டு, "சரி, தெற்கில் வைக்கலாம்" என்றான். வேறு என்ன சொல்வான்? இவருக்கு அது திருப்தியாக இருந்தது. ஜீப் வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தார். அவன் கும்பிட்டுவிட்டு ஏறினான். திரும்பிப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு அவன் வரவும் இல்லை.

அடுத்த வருடம் எனக்குத் துணுக்காய்ப் பக்கம் மாற்றம் வந்தது. நான் கேட்டு வாங்கியதல்ல. வேண்டாம் என்று யாரிடமும் போய்ச் சொல்லவும் இல்லை. சாமான்கள் அதிகம் இல்லை. கட்டில், அலுமாரி, புத்தகப் பெட்டி. இருந்தாலும் ஏற்ற ஒரு லொறி வேண்டியிருந்தது. லொறி பிடிப்பதென்றால் அந்தப் பட்டினத்தில் ஒரே இடம்தான். காலையில் இவர் சட்டையைப் போட்டுக்கொண்டு குளத்தடிக்குப் போனார். எங்கள் கடை இருந்த, எண்ணெய் ஊறிக் கறுத்த அந்த நிலத்தில் நின்று சாரதிகளோடு பேசி, ஒன்றைக் கூட்டிக்கொண்டு வந்தார்.